கொடிச் சட்டையோடு பள்ளிக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, காப்பிக் குடுவையோடு தாழ்வாரத்தில் உட்காரும் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் வழக்கறிஞர் இல்லை. என் பையனின் சட்டை ஒன்றால் ஒருமுறை பள்ளி அலுவலகம் வரை போக நேர்ந்தது. அன்று தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை. கலிபோர்னியாவில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். பிற மாநிலங்களில் எது மாறும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. இங்கே சீருடையே கிடையாது. பிறகு எதற்கு உடை விதி என்று பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்குகிறார்கள்?

சீருடை இல்லாவிட்டாலும் விதி உண்டு. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் எதை அணியக் கூடாது என்று தன் கையேட்டில் எழுதி வைத்திருக்கும். பட்டியல் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை: போதைப்பொருள், மது, ஆயுதம், ஆபாசம், அடிதடிக் கும்பல்களின் நிறங்களும் அடையாளங்களும். கும்பல் அடையாளங்களைத் தடுக்கக் கலிபோர்னியாக் கல்விச் சட்டமே இடம் கொடுக்கிறது. கல்வியாண்டின் தொடக்கத்தில் வரும் தாள்களில் உடை பற்றிய பக்கத்தையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படிக்காமல் போட்டவள் சொல்கிறேன்.

நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, ரிப்பன் வைத்த இரட்டைச் சடை என்று வளர்ந்தவர்கள் நாம். வகுப்பில் ஒருத்தி என்ன நினைக்கிறாள் என்பது அவள் உடையில் தெரிய வழியே இல்லை. இங்கே பிள்ளைகளுக்குச் சட்டைதான் சுவரொட்டி. கீழே வரும் தகராறுகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

2. அமெரிக்காவிலேயே அமெரிக்கக் கொடி போட்ட சட்டையைத் தடுத்தார்களாமே? வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

உண்மைதான், ஆனால் வாட்ஸ்அப்பில் வந்தது பாதிக் கதை. இடம், சான் ஹோசேக்குத் தெற்கே மார்கன் ஹில் ஊரில் உள்ள லைவ் ஓக் உயர்நிலைப்பள்ளி. நாள், 2010 மே 5. மெக்சிகோ வம்சாவளியினர் கொண்டாடும் சிங்கோ டி மாயோ நாள் அது. அன்று சில மாணவர்கள் அமெரிக்கக் கொடி போட்ட டி-ஷர்ட்டுகளில் வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இதே நாளில் ஒரு கூட்டம் வளாகத்து மரத்தில் அமெரிக்கக் கொடியைக் கட்டி 'யு.எஸ்.ஏ.' என்று கோஷமிட, மெக்சிகோக் கொடியோடு வந்த மாணவர்களுக்கும் அவர்களுக்கும் வசவும் மிரட்டலுமாகி, கைகலப்பின் விளிம்பு வரை போயிருந்தது. அந்த முதல்வர் பொறுப்பில் இருந்த ஆறு ஆண்டுகளில் வளாகத்தில் குறைந்தது 30 சண்டைகள் நடந்திருந்தன. அவற்றில் சில கும்பல் சண்டை, சில இனம் சார்ந்த சண்டை.

காலை இடைவேளையில் ஒரு மாணவர் துணை முதல்வரிடம் வந்து, முற்றத்தில் ஏதோ நடக்கலாம், போய்ப் பாருங்கள் என்றார். துணை முதல்வர் கொடிச் சட்டைக்காரர்களை அழைத்து, சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த வழக்கில் மறக்காத காட்சி. முதல்வர் ஒவ்வொரு சட்டையாகப் பார்த்து, கொடி அவ்வளவு எடுப்பாகத் தெரியாத சட்டைக்காரர்கள் இருவரை வகுப்புக்குப் போகலாம் என்று விட்டுவிட்டார். மற்றவர்களிடம், திருப்பிப் போடுங்கள், அல்லது வீட்டுக்குப் போங்கள், அது உங்கள் வருகைப் பதிவைப் பாதிக்காது என்றார். அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் பிறகு அந்த மாணவர்களுக்குத் தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் மிரட்டல்கள் வந்தன.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2014 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றம், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே) பள்ளி செய்தது சரி என்றது. அந்தப் பள்ளியில் கொடிச் சட்டைக்கு நிரந்தரத் தடை என்று எதுவும் இருக்கவில்லை. பேச்சு எல்லாம் அந்த ஒரு நாளைப் பற்றியது.

3. சிங்கோ டி மாயோ மெக்சிகோவின் சுதந்திர தினம்தானே?

இல்லை. மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16. மே 5 என்பது 1862 இல் பூவெப்லா நகரில் பிரெஞ்சுப் படையை மெக்சிகோப் படை தோற்கடித்த நாள். மெக்சிகோவைவிட அமெரிக்காவில்தான் அதற்கு ஆரவாரம் அதிகம்.

4. பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகளுக்குப் பேச்சுரிமை என்று ஒன்று இருக்கிறதா? ஆசிரியர் சொன்னால் கேட்க வேண்டியதுதானே?

இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தது ஒரு கறுப்புத் துணிப்பட்டை. 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்து டெ மாய்ன் நகரில், வியட்நாம் போரில் மடிந்தவர்களுக்குத் துக்கம் காட்டவும் போர்நிறுத்தம் கேட்கவும் சில மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்கு வந்தார்கள். மேரி பெத் டிங்கருக்கு அப்போது 13 வயது. பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. 1969 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளி வாசலில் யாரும் தங்கள் பேச்சுரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலிருந்து வந்தது.

எப்போது தடுக்கலாம் என்பதற்கும் அதே தீர்ப்புதான் அளவுகோல். பாடம் நடப்பதற்குக் கணிசமான இடையூறு வர வேண்டும், அல்லது வரும் என்று நம்ப உண்மையான காரணம் இருக்க வேண்டும். அல்லது அடுத்த மாணவரின் உரிமையில் அது குறுக்கிட வேண்டும். ஏதாவது நடந்துவிடுமோ என்ற பொதுவான பயம் போதாது. அந்தப் பள்ளிகள் தேர்தல் பேட்ஜுகளை அனுமதித்தன, சில மாணவர்கள் நாஜிகளை நினைவூட்டும் இரும்புச் சிலுவையைக்கூட அணிந்திருந்தார்கள். கறுப்புப் பட்டையை மட்டும் தடுத்தார்கள் என்பதை நீதிபதிகள் கவனித்தார்கள். இந்தக் கவனிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

5. அப்படியானால் மார்கன் ஹில் பள்ளி எப்படி ஜெயித்தது? அடிக்க வருபவனை விட்டுவிட்டு அடிபடப் போகிறவனையா கட்டிப்போடுவது?

இதைக் கேட்டவர் கேட்ட தொனியிலேயே மூன்று நீதிபதிகளும் கேட்டார்கள். அதே ஒன்பதாம் வட்டத்தின் முழு அமர்வு மறுவிசாரணை செய்ய வேண்டும் என்ற மனு 2014 செப்டம்பரில் தள்ளுபடியானபோது, நீதிபதி ஓஸ்கன்லைன் எதிர்த்து எழுத, இருவர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். கூச்சல் போடுகிறவன் கையில் பேசுகிறவனின் வாயை அடைக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டோம் என்பது அவர்கள் வாதம். மிரட்டினால் சட்டை கழன்றுவிடும் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டால் நாளைக்கு எந்தச் சட்டைதான் தப்பும்?

பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிய நீதிபதிகளின் வாதம் வேறு. நான்காம் பதிலில் சொன்ன அளவுகோலின்படி இடையூறு வரும் என்று நம்ப இங்கே முந்தைய ஆண்டு நிகழ்வும் அன்றைய எச்சரிக்கைகளும் இருந்தன, இரத்தம் சிந்தும்வரை பள்ளி காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாச் சட்டைகளையும் தடுக்காமல் எடுப்பானவற்றை மட்டும் தடுத்தது, தேவைக்கு மேல் போகவில்லை என்பதற்குச் சான்றாயிற்று. மெக்சிகோ நிறங்களை அணிந்தவர்களை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கும், அவர்களைத் தாக்கப் போவதாகத் தகவல் எதுவும் இல்லையே என்று பதில் வந்தது.

என் கருத்தைக் கேட்டால், அந்தச் சில நிமிட இடைவேளையில் முற்றத்தில் நின்ற துணை முதல்வர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள், பொறுப்பு அவர் தலையில். என் கோபம் முந்தைய மே 5 முதல் அந்த மே 5 வரை இருந்த பன்னிரண்டு மாதங்கள் மேல். போன ஆண்டு என்ன நடந்தது என்று தெரியும், எந்த நாள் என்று தெரியும், எந்த இடம் என்றுகூடத் தெரியும். அன்று காலையில் முற்றத்தில் பெரியவர்கள் பத்துப் பேர் கூடுதலாக நின்றிருந்தால் சட்டையைப் பற்றிப் பேச வேண்டியே வந்திருக்காது. நீதிமன்றம் அந்தக் கேள்வியை இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

6. உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டுவிட்டது என்கிறார்களே?

ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 2015 மார்ச் 30 அன்று அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது, அவ்வளவுதான். அதனால் அந்தத் தீர்ப்பு ஒன்பதாம் வட்டத்தின் எல்லைக்குள் மட்டும் கட்டுப்படுத்தும்: கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, நெவாடா, ஐடஹோ, மொன்டானா, அலாஸ்கா, ஹவாய், அவற்றோடு குவாம், வட மரியானா தீவுகள். டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் தம்பி குடும்பத்துக்கு இதை அப்படியே அனுப்பாதீர்கள்.

7. அக்கா, கொடியை உடையாகப் போடுவதே அவமரியாதை இல்லையா? நம் ஊரில் சிறைத் தண்டனை உண்டே?

நம் ஊர்ச் சட்டம் கறாரானதுதான். 1971 ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி, மூவர்ணக் கொடியை இடுப்புக்குக் கீழே அணிவதும், தலையணை, கைக்குட்டை, உள்ளாடை போன்றவற்றில் அச்சிடுவதும் குற்றம். மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம்.

இங்கேயும் கொடி விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது, 1942 முதல். கொடியை உடையாக, படுக்கை விரிப்பாக, திரைச்சீலையாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் இந்த விதிகளை மீறினால் தண்டனை இல்லை, இது நல்லொழுக்க அறிவுரை மாதிரி. அது சொல்வதும் உண்மையான கொடித் துணியைப் பற்றி, கொடிப் படம் அச்சிட்ட பனியனைப் பற்றி அல்ல என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். கொடியை எரிப்பதுகூடப் பாதுகாக்கப்பட்ட கருத்து வெளிப்பாடு என்று உச்ச நீதிமன்றம் 1989 இல் 5-4 என்று சொல்லிவிட்டது. ஜூலை 4 அன்று கொடி போட்ட அரைக்கால் சட்டையில் இறைச்சி சுடுகிற அண்டை வீட்டுக்காரர் தன்னைத் தேசபக்தர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரைத் திருத்தப் போக வேண்டாம்.

8. தினமும் காலையில் கொடிக்கு உறுதிமொழி சொல்கிறார்களே. என் மகள் இந்தியக் குடியுரிமைக்காரி. சொல்லாமல் இருந்தால் தண்டிப்பார்களா?

தண்டிக்க முடியாது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் கொடி வணக்கம் செய்ய மறுத்ததால் மேற்கு வர்ஜீனியாவில் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். 1943 ஜூன் 14 அன்று, உலகப் போரின் நடுவில், உச்ச நீதிமன்றம் 6-3 என்று அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றது. அது அமெரிக்கக் கொடி நாள் என்பது கூடுதல் சுவை. மூன்றே ஆண்டுக்கு முன் அதே நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்தது.

நமக்கும் இதில் ஓர் உறவு இருக்கிறது. 1985 இல் கேரளத்தில் அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி நீக்கியது. 1986 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அந்தத் தீர்ப்பு இந்த 1943 தீர்ப்பையும் எடுத்துப் பேசுகிறது. உங்கள் மகளுக்கு ஒரு குறிப்பு: புளோரிடாவிலும் டெக்சாஸிலும் பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் விலக்கு. கலிபோர்னியாவில் அப்படி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கலாம், பக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாமல்.

9. ஞாயிற்றுக்கிழமை இந்தியா பாகிஸ்தானை ஜெயித்தது. திங்கட்கிழமை பையன் இந்திய ஜெர்சியில் போகலாமா? வகுப்பில் லாகூர்ப் பையன்கள் இருவர் இருக்கிறார்கள்.

போகலாம். எந்த நாட்டின் அடையாளம் என்பது கணக்கில் இல்லை. அமெரிக்கக் கொடிக்கு என்ன பாதுகாப்போ அதுவே அசோகச் சக்கரத்துக்கும் பிறைநிலாவுக்கும். பள்ளி தடுக்க வேண்டுமென்றால் மார்கன் ஹில்லில் இருந்தது போல நடந்த சம்பவங்களைக் காட்ட வேண்டும். லாகூர்ப் பையனின் முகம் வாடியது இடையூறு ஆகாது.

ஜெர்சி ஒன்று, ஜெர்சியோடு போய் மதிய உணவு மேசையில் ஸ்கோரைச் சொல்லிச் சொல்லிச் சீண்டுவது வேறு. பின்னதற்கு உடை விதி தேவையில்லை, சீண்டலைத் தடுக்கும் விதியே போதும். (அந்த இரண்டு பையன்களும் இவனும் ஒரே கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. கவலை எல்லாம் அம்மாவுக்குத்தான்.)

10. தென்மாநிலப் போர்க்கொடியை மட்டும் பள்ளிகள் தாராளமாகத் தடுக்கின்றனவே, அது பாரபட்சம் இல்லையா?

உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காக நின்ற தென்மாநிலங்களின் கொடி அது. இனப் பகைமையின் வரலாறு உள்ள பள்ளிகளில் அதைத் தடுத்தது செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. தென் கரோலினாவின் லாட்டா ஊர் வழக்கில் 2013 இல் வந்த தீர்ப்பு ஓர் எடுத்துக்காட்டு. அளவுகோல் நான்காம் பதிலில் சொன்னதேதான். அந்த ஊரின் பழைய கணக்குதான் தீர்மானித்தது.

11. உங்கள் பையனின் சட்டையைத் திருப்பிப் போட வைத்தார்களாமே, என்ன சட்டை அது?

ஐயனார் சட்டை. மதுரையில் வாங்கியது, மீசையும் உருட்டு விழியும் ஓங்கிய அரிவாளுமாக. ஏழாம் வகுப்பில் ஒருநாள் அதை அணிந்து போனான். மாலையில் காரில் ஏறும்போது சட்டை உள்புறம் வெளியே, தையல் ஓரங்கள் பிசிறோடு, துவைக்கும் முறை எழுதிய வெள்ளைப் பட்டை கழுத்தடியில் நாக்கு மாதிரி தொங்கியது. 'ஆயுதப் படமாம்' என்றான். கையேட்டில் பார்த்தேன், இருந்தது. நான் கையெழுத்திட்ட பக்கம்.

இந்த விதி எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைக்காதீர்கள். வர்ஜீனியாவில் துப்பாக்கி சுடும் பயிற்சி முகாமின் சட்டையை அணிந்த ஒரு மாணவரைத் தடுத்த வழக்கில், ஆயுதப் படம் எதுவும் கூடாது என்ற விதி அளவுக்கு மீறி அகலமானது என்று 2003 இல் வர்ஜீனியா அடங்கிய நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த விதிப்படி பார்த்தால் வர்ஜீனியா மாநிலத்தின் முத்திரையையே அணிய முடியாது. அதில் ஈட்டியும் வாளும் ஏந்திய பெண் ஒருத்தி வீழ்ந்தவன் மேல் காலூன்றி நிற்கிறாள். நம் காளிக்கு அக்கா மாதிரி. இதைப் படித்த இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஆனால் நான்காம் வட்டத்துத் தீர்ப்பு கலிபோர்னியாவைக் கட்டுப்படுத்தாது. முதல்வருக்குக் கடிதம் எழுதினேன், இது ஊர்க் காவல் தெய்வம், எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லையில் சுதைச் சிலையாக நிற்பவர் என்று. அவர் தன்மையாகவே பதில் எழுதினார்: தெய்வம் இருக்கலாம், அரிவாள் வேண்டாம். சட்டை இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சட்டை.

12. எங்கள் பள்ளியில் சீருடை கட்டாயமாக்கப் போகிறார்கள். அப்போது இந்த உரிமையெல்லாம் போய்விடுமா?

பெரும்பாலும் சட்டை வழியாகப் பேசும் உரிமை போய்விடும். எல்லோருக்கும் ஒரே விதி, எந்தக் கருத்தையும் குறிவைக்கவில்லை என்றால் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. லாஸ் வேகாஸ் பகுதிப் பள்ளிகள் பற்றிய வழக்கில் 2008 இல் ஒன்பதாம் வட்டம் அப்படித்தான் சொன்னது. ஆனால் கலிபோர்னியாச் சட்டப்படி பெற்றோருக்கு ஆறு மாத முன்னறிவிப்பும், வசதியில்லாத குடும்பங்களுக்கு உதவியும், வேண்டாம் என்று பெற்றோர் விலகிக்கொள்ள ஒரு வழியும் இருக்க வேண்டும். இந்த விலக்கு வழி பலருக்குத் தெரிவதே இல்லை.

சீருடையில் வாசகம் இருந்தால் கதை மாறும். நெவாடாவின் ரீனோ நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றின் சீருடையில் 'நாளைய தலைவர்கள்' என்று அச்சிட்டிருந்தது. பிள்ளையின் மார்பில் ஒரு கருத்தைக் கட்டாயமாக ஒட்டுவது எட்டாம் பதிலில் சொன்ன உறுதிமொழிக் கட்டாயத்தின் உறவுக்காரன்தான் என்று ஒரு தாய் வழக்காடினார். இதற்கு மிகக் கடுமையான சோதனையைப் பள்ளி தாண்டியாக வேண்டும் என்று 2014 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்டம் சொன்னது. ஆம், மார்கன் ஹில் தீர்ப்பு வந்த அதே மாதம்.

13. தனியார் பள்ளி?

பேச்சுரிமையைக் காக்கும், அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் பள்ளியை அல்ல. கலிபோர்னியாவில் மட்டும் 1992 இல் வந்த லெனார்ட் சட்டம் தனியார் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கும் ஓரளவு அதே பாதுகாப்பைக் கொடுக்கிறது. மத நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு, அவர்கள் கொள்கையோடு மோதும் இடத்தில், விலக்கு உண்டு.

14. சட்டையை மாற்று என்று சொன்னால் பிள்ளை அங்கேயே வாதாட வேண்டுமா?

வேண்டாம். மாற்றிக்கொள்ளட்டும், அல்லது 'அம்மாவைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லட்டும். வாதம் உங்கள் வேலை. அன்றே எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். கையேட்டில் எந்த விதி, அதன் பத்தி என்ன? இந்தச் சட்டையால் என்ன நடந்தது, அல்லது என்ன நடக்கும் என்று எதை வைத்து நினைத்தீர்கள்? இதே போன்ற மற்றச் சட்டைகளை விட்டீர்களா? கடைசிக் கேள்விதான் நான்காம் பதிலில் சொன்ன இரும்புச் சிலுவைக் கேள்வி. பெரும்பாலான தகராறுகள் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடும், வழக்கு வரை போகாது. சட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், துவைப்பதற்கு முன்.

15. ஜூன் மாதம் மகளுக்குப் பள்ளிப் பட்டமளிப்பு. தாத்தா ஊரிலிருந்து பொன்னாடை கொண்டு வருகிறார். மேடையில் போட்டுக்கொள்ள விடுவார்களா?

இங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. வகுப்புக்கு அணியும் சட்டை பிள்ளையின் பேச்சு. பட்டமளிப்பு மேடை பள்ளியே நடத்தும் நிகழ்ச்சி, அங்கே பள்ளிக்குக் கூடுதல் அதிகாரம். 2023 இல் கொலராடோவில் ஒரு மாணவி ஒருபக்கம் அமெரிக்கக் கொடியும் மறுபக்கம் மெக்சிகோக் கொடியுமாகத் தோளில் இடும் பட்டைத் துணி ஒன்றை அணிய விரும்பினார். பள்ளி மறுத்தது. அவசரத் தடை கேட்டுப் போனபோது கூட்டாட்சி நீதிபதி பள்ளிக்குச் சாதகமாகவே சொன்னார்.

கலிபோர்னியா மாணவர்களுக்கு நல்ல செய்தி. 2018 இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பழங்குடி மரபு உடையும், மதம் அல்லது பண்பாடு சார்ந்த அங்கீகரிக்கப்பட்ட பொருட்களும் பட்டமளிப்பில் அணிகலனாக அணியலாம். விழாவுக்குக் கணிசமான இடையூறு வரும் என்றால் மட்டும் மறுக்கலாம். ஆனால் சட்டம் பேசுவது அணிகலனைப் பற்றி. பட்டமளிப்பு மேலங்கிக்கும் தொப்பிக்கும் பதிலாக அதை அணிய முடியாது, அவற்றோடு சேர்த்துத்தான்.

ஏப்ரலிலேயே முதல்வருக்கு ஒரு படத்தோடு எழுதிக் கேட்டுவிடுங்கள். பொன்னாடையை முழு அகலத்துக்கும் பிரித்துப் போர்த்தினால் மேலங்கி மறைந்துவிடும், அதற்குத்தான் மறுப்பு வரும். நீளவாக்கில் நான்காக மடித்து, ஜரிகைக் கரை வெளியே தெரியும்படி தோளில் இட்டு, இரண்டு பக்கமும் ஊக்கு குத்துங்கள். வழுவழுப்பான மேலங்கித் துணியில் பட்டு நிற்காது, ஒரு பக்கத்துக்கு இரண்டு ஊக்காவது வேண்டும்.